யாருக்கு அக்கட்ட

நாலரை ஏக்கர் மக்காச்சோளம், ஆளை மறைக்கும் உயரம்.
அதற்குள் எங்கேயோ ஒரு சிறுத்தை,
முந்தாநாள் பட்டியில் இரண்டு குட்டிகளைத் தூக்கியது.
பெருமாநல்லூரிலிருந்து மேற்கே போகும் தார் ரோட்டில்
வேனுக்குள் நான். மடியில் திரை.
திரைக்குள், நூறடி உயரத்தில் தொங்கும் ட்ரோனின் கண்.

சூட்டைப் பார்க்கிற கண் அது.
சோளம் சாம்பல். கிளுவை வேலி அதைவிடக் கொஞ்சம் கறுப்பு.
தாளுக்கிடையே விட்டு விட்டுத் தெரியும்
சுண்ணாம்புப் பொட்டு மாதிரி நாலு பேர்:
மயக்க ஊசித் துப்பாக்கியோடு டாக்டர் சென்னியப்பன்,
வலையைச் சுமந்த திருமூர்த்தியும் ஜப்பாரும்,
முன்னால், குனிந்து தரையைப் படித்தபடி, வாட்சர் மருதி.

ஐந்தாவது பொட்டை ட்ரோன்தான் கண்டுபிடித்தது.
சுற்றிக் கட்டம் கட்டியது, 'விலங்கு' என்றது,
நூற்றுக்கு எழுபத்தொன்று என்று
தன் நம்பிக்கைக்குத் தானே மார்க்கும் போட்டுக்கொண்டது.
"கல்லாவும் இருக்குமுங்க" என்றார் மருதி வயர்லெஸ்ஸில்,
"பகலெல்லாம் வெயில் குடிச்ச கல்லு. இந்நேரத்துக்கு ஆறாது."
ட்ரோனுக்கு அதைச் சொல்ல என்னிடம் பொத்தான் இல்லை.

அப்புறம் திருமூர்த்தி சொன்னார்:
"அக்கட்ட என்னமோ சலசலங்குதுங்க."

அக்கட்ட.
அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்?
வரப்பு முடிந்ததும் ட்ரோன் திரும்பியிருந்தது,
அதோடு என் திரையில் உலகமும்.
போன நிமிஷம் இடக்கையில் இருந்த கிணறு இப்போது வலக்கையில்.
டாக்டருக்கு அக்கட்ட என்றால் போர்வெல் கொட்டாய்,
ஜப்பாருக்குக் கிளுவை வேலி.
"சரிங், பார்க்கறனுங்" என்றேன்.
அவரவர் நினைத்த இடத்தை நான் பார்ப்பதாக
நாலு பேருக்கும் பட்டிருக்கும்.

இதற்கு நடுவில், திரையின் மூலையில்
உளுந்தளவு எழுத்தில் ட்ரோன் விடைபெற்றது.
பேட்டரி முப்பதுக்குக் கீழே; வீடு திரும்புகிறேன்.
எழுதி வைத்துவிட்டுத்தான் போனது, குறை சொல்ல முடியாது.
நான் வயர்லெஸ்ஸில்
வேலியைக் கிணற்றிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தேன்.
நாலு நிமிஷம்.
மேலே கண் இருக்கிற தைரியத்தில்
அவர்கள் பத்து வரிசை உள்ளே போய்விட்டார்கள்.
மேலே நட்சத்திரமும்
அவினாசிப் பக்கத்து மில் வெளிச்சமும்தான்.

காலையில் சொட்டுநீர்க் குழாயோரத்து ஈரத்தில் இருந்தது எல்லாம்:
மருதியின் செருப்பு, ஜப்பாரின் பூட்ஸ்,
நடுவே, இரண்டையும் மிதிக்காமல் தாண்டிப் போன
நாலு விரல் தடம்.
அந்த இருட்டில்
யார் எங்கே என்று முழுசாகத் தெரிந்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.
அதனிடம் வயர்லெஸ் இல்லை.
எழுபத்தொன்று வாங்கிய விலங்கின் மேல்
மருதி கையை வைத்துக் காட்டினார். கல்.

ரிப்போர்ட்டில் 'தகவல் தொடர்புக் குறைபாடு' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.

இரண்டாம் ராத்திரி.
அக்கட்ட, இக்கட்ட இரண்டுக்கும் தடை.
கொட்டாய், ஒத்தைப் பனை, உடைந்த வால்வு என்று
பெயர் சொல்லித்தான் திசை காட்ட வேண்டும்.
ட்ரோன் கிளம்பினால் நான் கத்த வேண்டும்:
"கண்ணு போகுது, நில்லுங்க."
தூக்கின காலை வைக்காமல் நிற்பார்கள்,
நான் புது பேட்டரி மாட்டி
"கண்ணு வந்துருச்சுங்" என்னும் வரை.
கல் இருக்கிற இடத்தில், திரைக் கண்ணாடி மேலேயே
ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.
ட்ரோன் திரும்பியது. குறி அங்கேயே நின்றது, கல் நகர்ந்துவிட்டது.
சட்டை நுனியால் துடைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் கேட்டார்:
"ஏனுங், நாங்க அதுக்குத் தெரியறமுங்களா?"

எண்ணினேன்.
கல்லைக் கழித்தேன்.
மறுபடியும் எண்ணினேன்.

"தெரியறீங்க" என்றேன்.
"அஞ்சு பேரா. நில்லுங்க."